கப்பல் நாள் வியாதி

எனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது என்று ஒரு டாக்டர் எட்டு மாதம் நம்பினார். டாக்டரே நம்பிய பிறகு நான் யார், நானும் நம்பினேன். என் மனைவி எங்கள் இரண்டு பேரையும்விட அதிகமாக நம்பி, உப்பு ஜாடியைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டாள். நாலு பக்கமும் கடல், வாசலில் நின்று மூச்சு விட்டாலே உதடு கரிக்கும், ஆனால் என் தட்டில் மட்டும் ஒரு கல் உப்பு கிடையாது. அந்த எட்டு மாதத்தை நினைத்தால் இப்போதும் முதலில் நாக்குக்கு வருவது அந்தச் சப்பென்ற மீன் குழம்புதான்.

லிட்டில் அந்தமானில் ஹட் பேயில் அப்போது கப்பல் கரையோடு வந்து அணைய வழி இல்லை. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களும் அரிசி மூட்டையும் மண்ணெண்ணெய்ப் பீப்பாயும் படகில் ஏறி அலைமேல் துள்ளிக்கொண்டு கரைக்கு வரவேண்டும். போகிறவர்களும் அப்படித்தான் போகவேண்டும். காட்டை வெட்டிக் குடியேற்றம் நடந்துகொண்டிருந்த காலம் அது. வங்காளிக் குடும்பங்கள், தெலுங்குக் கூலிகள், மலையாளிகள், நம்மூர் காண்டிராக்டர்கள் எல்லோருக்கும் போர்ட் பிளேரோடு இருந்த ஒரே தொடர்பு அந்தக் கப்பல்தான். மாதத்துக்கு ஒருமுறை வரும். கடல் ஒத்துழைத்தால் இரண்டுமுறை. எந்தப் படகில் யார் ஏறுவது, எந்தச் சரக்கு முதலில் இறங்குவது என்று கையில் பட்டியலை வைத்துக்கொண்டு மணலில் நின்று கத்துகிற குமாஸ்தா நான்.

குமாஸ்தா என்றாலும் தற்காலிகம்தான். வேலை நிரந்தரமாக வேண்டுமானால் உடம்பு நன்றாக இருக்கிறது என்று பெரிய டாக்டரின் சான்றிதழ் வேண்டும். மூன்று தடவை பார்ப்பார்கள். மூன்றாவது தடவையும் ‘அன்ஃபிட்’ என்று எழுதிவிட்டால் மூட்டை கட்டவேண்டியதுதான். கட்டி எங்கே போவது? திருநெல்வேலியில் என் அண்ணன் வீட்டுக்குத்தான். அண்ணனிடம் சண்டை போட்டு, “இனி இந்த வாசலை மிதிச்சா நான் மனுசனே இல்ல” என்று தெருவே பார்க்கச் சொல்லிவிட்டு, மெட்ராஸுக்குப் போய்க் கப்பலேறியவன் நான். திரும்பிப் போய் அதே வாசலில் எந்த முகத்தோடு செருப்பைக் கழற்றுவது?

அந்தப் பெரிய டாக்டரும் எங்கள் கப்பலில்தான் வருவார். எங்கள் ஊர் மருந்தகத்தில் ஒரு கம்பவுண்டர் இருந்தார், நல்ல மனிதர், மலையாளி. ஆனால் அவரிடம் பிரஷர் பார்க்கும் கருவி இல்லை. டாக்டர்தான் அதை ஒரு மரப்பெட்டியில் வைத்துக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு முதல் படகில் இறங்குவார். சரக்கு இறங்கி முடிவதற்குள் நோயாளிகளைப் பார்த்துவிட்டுக் கடைசிப் படகில் திரும்பிவிடுவார். ஆக, இந்தத் தீவில் யாருக்கு என்ன வியாதி என்பது கப்பல் வந்த நாளில் மட்டும்தான் தெரியவரும். இதில் ஒரு கோளாறு இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

கப்பல் நாள் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். விடிந்ததும் நான் கரையில் இருப்பேன். ஒரு வாய் டீகூட இறங்காது. “ஜஹாஜ் ஆ கயா!”, கப்பல் வந்தாச்சு என்று எவனாவது கூவினால் போதும், ஊரே மணலில் வந்து விழும். பட்டியலில் பெயர் உள்ளவன் பத்து பேர் என்றால் வழியனுப்ப ஐம்பது பேர். நான் பெயரைக் கத்துவேன். காற்று அதை வேறு பக்கம் கொண்டுபோகும். கூப்பிட்டவன் வரமாட்டான், கூப்பிடாதவன் ஓடிவந்து படகில் ஏறி உட்கார்ந்துகொள்வான். இறங்கு என்றால் வங்காளியில் திட்டுவான், நான் தமிழில் திட்டுவேன். இடையில் ஓர் ஆடு அவிழ்த்துக்கொண்டு ஓடும். கப்பல்காரன் அங்கிருந்து சங்கு ஊதி அவசரப்படுத்துவான். எனக்குக் கோபம் சாதாரண நாளிலேயே மூக்கு நுனியில் இருக்கும். கப்பல் நாளில் கேட்கவேண்டாம். பட்டியலை யார் கையிலும் கொடுக்கமாட்டேன், நான் பார்க்காமல் ஒரு தேங்காய்கூடப் படகேறக் கூடாது என்பது என் சட்டம்.

படகுகளுக்குத் தலைவனாக ஒரு ஸெராங் இருந்தான். ஸ்ரீகாகுளத்துக்காரன், என் வயதுதான். அவன் ஒவ்வொரு கப்பலுக்கும் என்னிடம் ஒன்றையே சொல்வான்: “பாபு, சில்லாவோ மத். பேட் கே நீச்சே பிட்டாவோ.” கத்தாதே, ஆட்களை மரத்தடியில் உட்கார வை என்று அர்த்தம். கரையோரம் ஆறேழு காட்டுப் பாதாம் மரங்கள் வரிசையாக நின்றன. ஒரு படகுக்கு உள்ள ஆட்களை ஒரு மரத்தடியில் முன்கூட்டியே உட்காரவைத்துவிட்டால், அந்த மரத்தைக் கைகாட்டினால் போதும் என்பது அவன் யோசனை. படகு ஓட்டுகிறவன் எனக்கு யோசனை சொல்வதா? “உன் வேலையைப் பாருய்யா” என்று விரட்டிவிடுவேன்.

இந்தக் கோலத்தில்தான், சரக்கு இறங்குகிற நேரத்துக்கிடையில் ஈரக் கால்சட்டையும் மணலுமாக மருந்தகத்துக்கு ஓடி, டாக்டர் முன்னால் கையை நீட்டினேன். முதல் தடவை அவர் பட்டையைக் கட்டிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு, திரும்ப ஒருமுறை அடித்தார்.

“என்னய்யா இது? உனக்கு வயசு என்ன?”

“முப்பத்தொண்ணு சார். நேரமாகுது சார், படகு நிக்குது.”

“படகு கிடக்கட்டும்யா. இந்த வயசுல இவ்வளவு கொதிப்பு இருக்கக் கூடாது. உப்பைக் குறை. கோபப்படாதே.”

“நான் கோபமே படமாட்டேன் சார்!” என்று கத்தினேன். கம்பவுண்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

அன்றைக்கே உப்பு ஜாடி பரணேறியது. கருவாடு நின்றது, ஊறுகாய் நின்றது, அப்பளம் நின்றது. சில மாதம் கழித்து இரண்டாவது தடவை பார்த்தபோது பாதரசம் முன்பைவிட இரண்டு கோடு மேலே நின்றது. உப்பில்லாமல் தின்றவனுக்கு ஏறுகிறது என்றால் நிலைமை மோசம்தான் என்று நினைத்தேன். அப்புறம் எனக்கு இல்லாத நோய் எல்லாம் வந்தது. உட்கார்ந்தால் தலை கனக்கும். எழுந்தால் நெஞ்சு படபடக்கும். சோற்றைப் பார்த்தால் குமட்டும். கப்பல் வருகிறது என்று வயர்லெஸ் அறையிலிருந்து சேதி வந்தால் காலையிலிருந்து மூன்று தடவை காட்டுப்பக்கம் ஓடவேண்டியிருக்கும். என் மனைவி பூப்போல நடந்தாள், பூப்போலப் பேசினாள். அதைப் பார்த்து எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

மூன்றாவது தடவைக்கான கப்பல் வந்தது. டாக்டர் இறங்கும்போதே சொல்லிவிட்டார்: “கூட்டம் ஜாஸ்தியா இருக்கு. உன்னைக் கடைசியா, நான் படகேறும் முன்னாடி இங்கேயே பாத்துடறேன்.” அன்று மத்தியானத்திலிருந்து காற்று மாறியது. அலை ஏறிக்கொண்டே வந்தது. கடைசிப் படகு டாக்டருக்காக நின்றது. அதில் ஏறவேண்டிய இன்னொரு ஆள் வரவில்லை. பட்டியலில் அவர் பெயருக்கு நேரே நான் குறி போடவில்லை, ஆகவே அவர் கரையில்தான் இருக்கவேண்டும். நான் படகை நிறுத்திவைத்துக்கொண்டு கடற்கரை முழுக்க அவர் பெயரைக் கூவிக்கொண்டு ஓடினேன். ஸெராங் கெஞ்சினான், நான் கேட்கவில்லை. கப்பல் மூன்றுமுறை சங்கு ஊதியது. நாலாவது முறை ஊதவில்லை. நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு அது பாட்டுக்குப் போய்விட்டது.

நான் கூவிய ஆள் முதல் படகிலேயே ஏறிப் போய்விட்டிருந்தார். நான்தான் அவசரத்தில் குறி போட மறந்திருந்தேன்.

டாக்டர் மரப்பெட்டியைத் தலைமேல் வைத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நின்று, போகிற கப்பலையே பார்த்தார். “நாளன்னிக்கு என் பொண்ணுக்குப் பிறந்தநாள்யா” என்றார். திட்டியிருந்தால்கூட நன்றாயிருக்கும். எனக்குச் சான்றிதழ் எழுதவேண்டிய ஒரே மனிதரை நானே தீவில் சிறை வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம், “தொலைஞ்சோம். அண்ணன் வீட்டு ஏச்சுப்பேச்சு எல்லாம் கேக்கத் தயாராகு” என்றேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே, “முதல்ல அந்த மனுசனுக்குச் சோறு கொண்டுபோய்க் குடுங்க. பட்டினியா கிடக்காரு பாவம்” என்றாள்.

டாக்டர் மருந்தகத்தின் பின்னறையில், கம்பவுண்டரின் கைலியைக் கட்டிக்கொண்டு தங்கினார். நான் தினமும் இரண்டு தூக்குச் சட்டி எடுத்துப்போவேன். ஒன்று உப்புப் போட்ட சாப்பாடு, அவருக்கு. இன்னொன்று உப்பில்லாதது, ஆபீசில் நான் சாப்பிட. அவர் சட்டியை வாங்குவார், வைப்பார், அவ்வளவுதான். நாலாம் நாள் கம்பவுண்டர் மூச்சிரைக்க என் ஆபீசுக்கு வந்தார்.

“சாரே, டாக்டர் விளிக்குந்நு. தேஷ்யத்திலாணு.”

கோபமாகக் கூப்பிடுகிறாராம். போனேன். டாக்டர் முன்னால் ஒரு தூக்குச் சட்டி திறந்திருந்தது. சட்டி மாறிப்போயிருந்தது.

“இது என்னய்யா குழம்பு?”

“அது என்னுது சார். உப்பில்லாதது. மன்னிச்சிடுங்க.”

“இதையா இத்தனை மாசமா திங்கறே?”

“ஆமா சார்.”

“ஏமாத்தாம?”

“ஒரு கல்லு உப்பு தொட்டதில்ல சார்.” சொல்லிவிட்டுச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவமானமாகவும் இருந்தது, முப்பத்தொரு வயது ஆண்பிள்ளை குழம்புக்காகக் கண் கலங்குவதா என்று.

அவர் சட்டியை மூடித் தள்ளிவைத்தார். “உட்காரு” என்று பெட்டியைத் திறந்தார். பட்டையைக் கட்டினார். அடித்தார். புருவத்தைச் சுருக்கினார். கருவி கெட்டுப்போய்விட்டதோ என்று கம்பவுண்டரின் கையில் கட்டிப் பார்த்தார். திரும்ப என் இன்னொரு கையில் கட்டினார். “நாளைக்குக் காலையில வா” என்றார். மறுநாள் காலையும் பார்த்தார், சாயங்காலமும் பார்த்தார். அடுத்த இரண்டு நாள் என்னை உப்புப் போட்டே சாப்பிடச் சொல்லிவிட்டுப் பார்த்தார். பாதரசம் பள்ளிக்கூடத்துப் பையனைப்போல ஒரே இடத்தில் அடக்கமாக நின்றது.

“உனக்கு ஒண்ணுமே இல்லையேய்யா!” என்றார் டாக்டர். அவருக்கு வந்தது கோபமா சந்தோஷமா என்று தெரியவில்லை. “கொதிப்பு உள்ளவனுக்கு உப்பு ஆகாதுதான். உனக்குக் கொதிப்பே இல்லையே. அப்போ நான் ரெண்டு தடவை பார்த்தது என்ன?”

பதில் பத்தாம் நாள் வந்தது. நான் பட்டையோடு உட்கார்ந்திருந்தபோது வயர்லெஸ் அறைப் பியூன் எட்டிப் பார்த்து, “பாபு, கல் ஜஹாஜ் ஆயேகா” என்றான். நாளைக்குக் கப்பல். அவன் அப்படிச் சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் காது சூடேறியது. டாக்டர் பம்பை அமுக்கிவிட்டுப் பாதரசத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பாதரசத்தைப் பார்த்தார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார் பாருங்கள், அந்த மருந்தகத்தின் தகரக் கூரை அதிர்ந்தது.

“கப்பல்யா! உன் வியாதி கப்பல்! நானும் முட்டாள், நீயும் முட்டாள். நான் இங்க வர்றதே கப்பல் நாள்லதான். நீ நாய் மாதிரி ஓடி வந்து கையை நீட்டுவே. ஏறாம என்ன செய்யும்?”

நானும் சிரித்தேன். எட்டு மாதம் கழித்துச் சிரித்தேன். நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு அரிசி மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

“அப்போ கையெழுத்துப் போட்டுடுங்க சார்” என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். “மாட்டேன். உன் வேலையே கப்பல் நாள்லதானே? இப்படியே மாசாமாசம் ஏத்திக்கிட்டிருந்தா இன்னும் கொஞ்ச வருஷத்துல நிஜமாவே நோயாளி ஆயிடுவே. அப்புறம் இறங்கவே இறங்காது. நாளைக்கு நான் படகேறும் முன்னாடி பார்ப்பேன். இறங்கி இருந்தா கரையிலேயே கையெழுத்து. என்ன செய்வியோ செய்.”

அன்று சாயங்காலம் நான் ஸெராங்கைத் தேடிப்போனேன். படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தான். “அந்த மரத்தடி விஷயம்... நாளைக்குச் செஞ்சு பாப்போமா?” என்றேன். அவன் தார்க்கையோடு எழுந்து ஒரு சலாம் வைத்தான். கிண்டலா மரியாதையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் என் மனைவி நாலு இட்லியை வைத்து, “தின்னு முடிக்காம வாசல் தாண்டக் கூடாது” என்று கதவை மறித்து நின்றாள். தின்றேன். கரைக்குப் போனபோது ஸெராங் பாதி ஆட்களை மரத்தடியில் உட்காரவைத்து முடித்திருந்தான். முதல் மரத்தடி முதல் படகு, இரண்டாவது மரத்தடி இரண்டாவது படகு. நான் ஒவ்வொரு மரமாகப் போய்ப் பெயரைச் சாதாரணக் குரலில் கேட்டுக் குறி போட்டேன். நிழலில் உட்கார்ந்ததும் அவர்களும் மனிதர்களாகிவிட்டார்கள். ஒரு வங்காளி அம்மாள் எனக்கு வெற்றிலைகூடக் கொடுத்தார். படகு வரும், ஸெராங் மரத்தைக் காட்டுவான், ஆட்கள் எழுந்து போவார்கள். சரக்குப் பட்டியலை, வாழ்க்கையில் முதல்முறையாக, இன்னொருவர் கையில் கொடுத்தேன். கம்பவுண்டர் அதை என்னைவிட ஒழுங்காகப் பார்த்தார். சும்மா நிற்கிறோமே என்று எனக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

கடைசி மரத்தடியில் டாக்டர் மட்டும் பெட்டியோடு இருந்தார். இருப்பே கொள்ளவில்லை அவருக்கு. எழுந்து கப்பலைப் பார்ப்பார், உட்காருவார், மறுபடி எழுவார். “சீக்கிரம் வாய்யா, படகு போயிடப் போகுது!”

“நான் சொல்லாம எந்தப் படகும் போகாது சார். உக்காருங்க” என்றேன்.

அவர் கப்பலைப் பார்த்துக்கொண்டே எனக்குப் பட்டையைக் கட்டினார். அடித்தார், பார்த்தார். பையிலிருந்து தாளை எடுத்து, பெட்டிமேலேயே வைத்து, ‘ஃபிட்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் மையைக் காயவிடாமல் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கம்பவுண்டர் மெல்ல அந்தப் பட்டையை எடுத்து டாக்டரின் கையில் சுற்றினார். “வேணாம்யா, விடு” என்று டாக்டர் கையை இழுத்தார். அதற்குள் அடித்தாகிவிட்டது. மூன்று பேரும் பாதரசத்தைப் பார்த்தோம்.

“சார், உப்பைக் குறைங்க” என்றேன். அவர் என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே தண்ணீரில் இறங்கினார். கப்பல் போகும்வரை நான் மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து தாளை நீட்டினேன். என் மனைவிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் வாங்கி, அந்த ஒரு வார்த்தையை விரலால் தொட்டுக் காட்டச் சொல்லி, அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்து, நாலாக மடித்துக் கசங்கிப்போன ஒரு கடிதத்தை எடுத்தாள்.

“என்னது?”

“உங்க அண்ணனுக்கு நான் எழுதினது. ‘அவுகளுக்கு உடம்புக்கு முடியல, திரும்பி வாரோம், மன்னிச்சு ஒரு மூலையில இருக்க இடம் குடுங்க’ன்னு.”

எனக்குச் சுருக்கென்றது. “எப்ப எழுதின?”

“முதல்தடவை பாத்தப்பவே. கப்பல்ல போட்டுவிடணும்னு ஒவ்வொரு கப்பலுக்கும் முடிஞ்சு எடுத்துக்கிட்டுக் கரைக்கு வருவேன். நீங்க அங்க நின்னு கத்துதத பாப்பேன். போட மனசு வராது. திரும்பக் கொண்டாந்துருவேன்.” அவள் அந்தக் கடிதத்தை அடுப்பில் வைத்தாள். அது பற்றிக்கொண்டதும் மேலே டீக்குத் தண்ணீர் வைத்தாள். “கப்பல்னா உங்களுக்கு மட்டுமா? எனக்கும் விடிஞ்சதுல இருந்து நெஞ்சு கிடந்து அடிச்சுக்கிடும். என் கையில யாரு அந்தப் பட்டையக் கட்டிப் பாத்தா?”

எட்டு மாதமாக நான் என் நெஞ்சை மட்டுமே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அடுப்புப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கம்பவுண்டர் செய்கிற மாதிரி அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். எனக்கு நாடி பார்க்கத் தெரியாது. தண்ணீர் கொதிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.

“என்ன சொல்லுது?” என்றாள்.

“கப்பல் போயிட்டுன்னு சொல்லுது” என்றேன்.